தூண்டில் ஈ கட்டுவது எப்படி: முதல் ஈக்கான முழுமையான வழிகாட்டி

தூண்டில் ஈ என்பது, மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கொண்டு கட்டும் செயற்கை இரை. அதைக் கட்ட உட்காரும் புதியவரின் கண் இறகிலேயே இருக்கும். ஈ குலைவதோ பெரும்பாலும் நூலில்தான். நூல் தளர்ந்திருந்தால் வால் திரும்பிக்கொள்ளும். இழுப்பு மிகுந்தால் நூல் அறும். சுற்றுகள் முன்னே ஓடிவிட்டால் கடைசியில் முடிச்சுப் போட இடமே இருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் நூலுக்குத்தான் அதிக இடம் தந்திருக்கிறேன்.

ஒரே ஒரு ஈயைத் தொடக்கம் முதல் முடிச்சு வரை இங்கே கட்டப்போகிறோம். திசைகள் எல்லாம் வலது கைப் பழக்கத்துக்கு உரியவை. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வைஸை (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) திருப்பி வைத்து, எல்லாவற்றையும் எதிர்ப்புறமாகச் செய்துகொள்ளலாம்.

1. ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் ஈயாக வூலி பக்கரைப் பரிந்துரைக்கிறேன். மென்தூவி வால், ஷெனில் (பஞ்சு போர்த்திய தடித்த நூல்) உடல், அதன்மேல் சுருளாக ஓடும் சேவல் இறகு என்று மொத்தம் மூன்றே பகுதிகள். எந்த ஒரு பூச்சியையும் அச்சு அசலாக நகல் எடுக்கும் வடிவம் இல்லை இது. தண்ணீருக்குள் அட்டையாகவும் சிறுமீனாகவும் தும்பியின் இளம்பருவமாகவும் தோன்றும். அளவில் கொஞ்சம் பிசகினாலும் மீன் ஏமாறும்.

இறகு விறைத்து நிற்கும் சிறிய மிதவை ஈக்கள் படத்தில் அழகாக இருக்கும். அவற்றில் தொடங்கினால் மூன்றாவது ஈயிலேயே அலுப்பு வந்துவிடும். 16-ஆம் எண் முள்ளில் அரை மில்லிமீட்டர் பிழைகூடப் பெரிய பிழை. பெரிய முள்ளிலோ அதே பிழை கண்ணுக்குத் தெரியும், கையால் திருத்தவும் முடியும்.

2. முள்ளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தூண்டில் நரம்பு கட்டும் வளையம் காது. நேரான பகுதி தண்டு. அதன் பின்னால் வளைவு, பிறகு முனை. முனைக்குச் சற்றுக் கீழே எதிர்த்திசையில் சீவியது போல நிற்பது பல். முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள திறப்பு வாய். இறகின் அளவு, வாலின் நீளம் எல்லாவற்றையும் இந்தப் பாகங்களை வைத்தே அளக்கிறோம். அளவுகோல் தேவைப்படாது.

எண் கூடினால் முள் சிறியது: 14 என்பது 8-ஐவிடச் சிறியது. 1-க்கு அப்பால் 1/0, 2/0 என்று போகும்போது முள் பெரிதாகும். முள் பொட்டலத்தின் அட்டையில் 3எக்ஸ் நீளம் என்று இருந்தால், அதன் தண்டு மூன்று அளவு பெரிய முள்ளின் தண்டு அளவுக்கு நீண்டது என்று பொருள். நமக்கு வேண்டியது 8-ஆம் எண், 3எக்ஸ் நீளம்.

3. கருவிகள்

வைஸ், பாபின் பிடி (நூல் உருளையைப் பிடித்து நூலைக் குழாய் வழியே விடுவது, சுருக்கமாகப் பாபின்), கூர்மையான கத்தரிக்கோல், இறகுக் கிடுக்கி, தட்டையான குறடு, ஓர் ஊசி, விப் ஃபினிஷர் (கடைசி முடிச்சுப் போடும் கருவி). இவ்வளவு போதும். முடியைச் சீராக்கும் குப்பி, சுழல் கருவி போன்றவை வேறு வடிவங்களுக்கு உரியவை. இப்போது வாங்கினால் மேசையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

வைஸ் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது முள்ளை அசையாமல் பிடிக்க வேண்டும். முள் நழுவும் வைஸில் எவ்வளவு பழகினாலும் கை நூலை இறுக்கப் பயந்துகொண்டே இருக்கும். அந்தப் பயம் பழக்கமாகிவிட்டால் பிறகு போக்குவது கடினம்.

பாபின் பிடியின் குழாய் வாயைக் கண்ணாடி போல வழவழப்பாகத் தேடுங்கள். உலோகக் குழாயில் சின்னப் பிசிறு இருந்தாலும் நூலை அறுக்கும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பீங்கான் குழாயில் இந்தத் தொல்லை குறைவு.

கத்தரிக்கோலில் ஓர் ஒழுங்கு வேண்டும். நூலையும் இறகையும் அதன் முனையால் வெட்டுங்கள். கம்பியை அந்த முனையால் தொடவே வேண்டாம்.

4. பொருட்கள்

முள் ஒரு பொட்டலம். 140 டெனியர் கருப்பு நூல். வாலுக்குக் கருப்பு அல்லது ஆலிவ் நிற மாரபூ என்னும் மென்தூவி. அதே நிறத்தில் நடுத்தரப் பருமனுள்ள ஷெனில். சேவலின் முதுகின் பின்புறத்திலிருந்து தொங்கும் நீண்ட இறகுகள். சுமார் 0.2 மி.மீ. செப்புக் கம்பி. எடைக்கு 0.5 மி.மீ. ஈயக் கம்பி அல்லது ஈயமில்லாத மாற்றுக் கம்பி. தலைக்குப் பூச நிறமற்ற நகப்பூச்சு.

டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. எண் கூடக்கூட நூல் தடிக்கும், வலுக்கும். 70 டெனியர் மெல்லியது, சிறிய ஈக்களுக்கு ஏற்றது. புதியவரின் கையில் அது அறுந்துகொண்டே இருக்கும். 6/0, 8/0 என்ற பழைய குறியீடும் உண்டு. அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் டெனியரையே பாருங்கள்.

ஈயத்தைப் பற்றி ஒரு சொல். சில இடங்களில் நீர்நிலைகளில் ஈயத்துக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும் கட்டி முடித்ததும் கையைக் கழுவுங்கள், கம்பியைப் பல்லால் கடிக்காதீர்கள்.

முள், கருவி எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்த தொடக்கப் பெட்டிகளை நான் விரும்புவதில்லை. பத்து வடிவங்களுக்குப் பத்து விதப் பொருள் சிறிது சிறிதாக இருக்கும், ஒரே ஈயை ஆறு முறை கட்ட எதுவும் போதாது.

5. மேசை

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். ஈ இருண்ட நிறமானால் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றை நிறுத்துங்கள், விளிம்பு தெளிவாகத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மாரபூ பறக்க ஆரம்பித்தால் வேலை நடக்காது.

6. வெறும் நூலோடு ஒரு மணி நேரம்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர்களை நான் பார்த்தது குறைவு. குதித்தவர்கள் எல்லோரும் பிறகு இங்கேதான் திரும்பி வருகிறார்கள்.

முள்ளை வைஸில் பூட்டி நூலை மட்டும் தண்டில் சுற்றுங்கள். நூல் உங்கள் பக்கத்திலிருந்து மேலே ஏறி, தண்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் இறங்கி, அடிவழியாக உங்களிடம் திரும்ப வேண்டும். பாபின் குழாயின் வாய்க்கும் தண்டுக்கும் இடையே மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நூல் தொங்கக் கூடாது. தூரம் கூடினால் சுற்று எங்கே விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

அடுத்து, வேண்டுமென்றே நூலை அறுங்கள். பாபினை மெதுவாக இழுத்துக்கொண்டே போய் எந்த இழுப்பில் அறுகிறது என்று பாருங்கள். பலமுறை செய்தால் அந்த எல்லை விரலுக்குப் பழகிவிடும். ஈ கட்டும்போது அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேதான் எப்போதும் இழுக்க வேண்டும். அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் பாதி இழுப்போடு கட்டிய ஈ, சில மீன்களிலேயே அவிழ்ந்துபோகும்.

நூலின் முறுக்கையும் இப்போதே கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நூலுக்குச் சிறிது முறுக்கு ஏறும். முறுக்கேறிய நூல் உருண்டு மேடு கட்டும். பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளின் எதிர்த்திசையில் சுழற்றுங்கள். நூல் நாடா போலத் தட்டையாகும். தட்டையான நூல் தடிப்பில்லாமல் படியும், கூடுதலான பரப்பைப் பிடிக்கும்.

7. பல்லை நசுக்கி முள்ளைப் பூட்டுங்கள்

தட்டையான குறடால் பல்லை அழுத்தித் தட்டையாக்குங்கள். மீனை விடுவிப்பது எளிதாகும். முள் உங்கள் விரலில் ஏறினாலும் அதே எளிமை உங்களுக்கும் கிடைக்கும். இதை ஈ கட்டும் முன்பே செய்ய வேண்டும்: கடினமாக்கப்பட்ட எஃகு சில நேரம் நசுக்கும்போது ஒடியும். கட்டி முடித்த பிறகு ஒடிந்தால் உழைப்பும் போயிற்று.

வளைவின் கீழ்ப்பகுதியை வைஸின் தாடை கவ்வட்டும், தண்டு கிடைமட்டமாக, காது வலப்பக்கம். காதை விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். முள் வில் போல வளைந்து மீண்டால் சரி, தாடைக்குள் சுழன்றால் இன்னும் இறுக்குங்கள். முனை வெளியே நிற்கும். நூல் அதில் உரசினால் இழை பிரிந்து அறும். பின்பகுதியில் சுற்றும்போது பாபினைச் சற்று உங்கள் பக்கமாக இழுத்து, முனையைச் சுற்றிக் கொண்டுபோங்கள்.

8. நூல் தளமும் எடையும்

காதை ஒட்டி நூலைத் தொடங்காதீர்கள். காதின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இடத்தை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். நூலின் நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு, முதல் சுற்றின் மேலேயே பின்னோக்கி ஐந்தாறு சுற்றுகள் ஏற்றினால் நூல் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். நுனியை வெட்டிவிடலாம்.

தொடங்கிய அந்த இடத்தை ஒரு சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். தலை கட்டும் கட்டம் வரும்வரை எந்தப் பொருளும் அதைத் தாண்டி முன்னே போகக் கூடாது. முதல் ஈக்களில் நான் காணும் பிழைகளில் முதலிடம் காதை அடைத்துக் கட்டுவதற்குத்தான். வால், உடல், இறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து, கடைசியில் நூல் காதுக்குள் இறங்கி நிற்கும். அப்போது திருத்த வழியில்லை.

சுற்றுகளை நெருக்கமாக வைத்து, நசுக்கிய பல்லுக்கு நேர் மேலே வரும்வரை பின்னே போங்கள். வழவழப்பான தண்டில் எந்தப் பொருளும் வழுக்கும். நூல் தளம் அதற்குப் பிடிமானம் தருகிறது.

இப்போது ஈயக் கம்பியைத் தண்டின் முன்பாதியில் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றுங்கள், சுவருக்குச் சற்றுப் பின்னால் முடியும்படி. நுனிகளை நகத்தால் அழுத்திப் படியவையுங்கள். கம்பியின் இரு முனைகளிலும் நூலால் சரிவு ஒன்று கட்டுங்கள், பிறகு கம்பிமேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள். எடை முன்பக்கம் இருப்பதால் இழுப்பை நிறுத்தும்போது ஈ தலைகுப்புற இறங்கும், வால் மேலே அலையும். மீனை அழைப்பது அந்த அசைவுதான்.

உலோக மணி கோத்தும் எடை தரலாம். முதல் சில ஈக்களில் வேண்டாம் என்பேன். மணி, தலைப்பகுதியின் பிழைகளை மறைத்துவிடும்.

9. வால்

மாரபூத் தூவியின் நுனிப்பகுதியிலிருந்து ஒரு கற்றை எடுத்து நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மாரபூ பொய் சொல்லும்: கையில் பெரிய கற்றையாகத் தெரிவது நீரில் இழையாகச் சுருங்கும். நனைத்த பின் தீக்குச்சிப் பருமன் இருந்தால் அளவு சரி. அடங்கிய இழைகளைக் கையாளுவதும் எளிது.

தண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் வால் பின்னே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதைவிட நீண்டால் வீசும்போது வளைவில் சுற்றிக்கொள்ளும், மீனும் முள்ளுக்குப் பின்னால் கடித்துவிட்டுப் போகும். குறுக்க வேண்டுமானால் கத்தரியால் வெட்டாதீர்கள். நகத்தால் கிள்ளி எடுங்கள். வெட்டிய வால் துடைப்பம் போல நிற்கும். கிள்ளிய வால் நுனி மெலிந்து அலையும்.

கட்டும் முறைக்கு வருவோம். இந்த ஒரு பிடியைக் கற்றுக்கொண்டால் மற்றெல்லா ஈக்களுக்கும் அதுவே உதவும். கற்றையைத் தண்டின் மேல் வைத்து, இடது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தண்டையும் சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். நூலை இரு விரல்களுக்கு நடுவே தளர்வாக மேலே ஏற்றி, எதிர்ப்பக்கம் தளர்வாகவே இறக்குங்கள். விரலைத் தளர்த்தாமல் பாபினை நேராகக் கீழே இழுங்கள். இதே போல இன்னும் இரண்டு சுற்றுகள் போட்ட பிறகே விரலை எடுங்கள்.

ஏன் தளர்வான வளையம்? தொடக்கத்திலேயே இறுக்கமாகச் சுற்றினால் நூல் போகும் திசையில் கற்றையும் உருண்டு எதிர்ப்பக்கம் போய்விடும். தளர்வான வளையம் மேலிருந்து ஒரே நேரத்தில் அழுத்துவதால் கற்றை வைத்த இடத்திலேயே நிற்கும்.

மிச்சமுள்ள அடிப்பகுதியை வாலருகே வெட்டிவிட வேண்டாம். ஈயக் கம்பியின் பின்முனை தொடங்கும் இடம் வரை நீட்டி, நூலால் பொதிந்து, அங்கே வெட்டுங்கள். ஈயம் இல்லாத பின்பாதியும் அதனால் ஓரளவு நிரம்பும், உடலில் படிக்கட்டு விழாது.

10. செப்புக் கம்பி, பிறகு ஷெனில்

கட்டும் வரிசை சுற்றும் வரிசைக்கு நேர்மாறானது. கம்பியைக் கடைசியில் சுற்றப்போகிறோம், அதனால் அதை முதலில் கட்டிப் பின்னே தொங்கவிடுகிறோம். ஷெனிலை அடுத்த நிமிடமே சுற்றப்போகிறோம், அதனால் அதைப் பிறகு கட்டுகிறோம். இந்த வரிசையைத் தவறவிட்டால் ஒன்று மற்றொன்றின் கீழ் சிக்கிக்கொள்ளும்.

ஷெனிலின் நுனியில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பஞ்சை நகத்தால் உரித்து, உள்ளே இருக்கும் நூலை மட்டும் கட்டுங்கள். முழுப் பருமனோடு கட்டினால் வாலருகே ஒரு முடிச்சு மேடு எழும்.

இனி பாபினைச் சுவர் வரை முன்னே கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள். புதியவர்கள் இதை மறந்து ஷெனிலைச் சுற்றிவிட்டு, நூல் பின்னாலேயே நிற்பதைப் பார்த்து விழிப்பார்கள். முதலில் நூல் முன்னே போக வேண்டும், பொருள் அதைத் தேடி வர வேண்டும்.

ஷெனிலை ஒன்றையொன்று தொடும் சுற்றுகளாக முன்னோக்கிச் சுற்றி, சுவருக்கு ஒரு சுற்று முன்பே நிறுத்தி, நாலைந்து இறுக்கமான நூல் சுற்றுகளால் பிடித்து வெட்டுங்கள். அந்த இடைவெளி இறகுக்கு வேண்டும்.

11. சேவல் இறகு

இழைகளை ஈர்க்கிலிருந்து செங்குத்தாக விரித்து முள்ளின் வாயோடு ஒப்பிடுங்கள். வாயின் அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் சரி. அடிப்பக்கம் இருக்கும் பஞ்சுத் தூவியை உரித்துவிட்டு, வெற்று ஈர்க்கு கொஞ்சம் தெரியும்படி விடுங்கள்.

பல வழிகாட்டிகள் இறகின் நுனியை வாலருகே கட்டி முன்னோக்கிச் சுற்றச் சொல்கின்றன. அந்த நுனி மிக மெல்லியது. பழகாத கையில் பாதியில் அறுந்து, முழு வேலையையும் அவிழ்க்க வைக்கும். நான் சொல்லும் வழி வேறு. இறகின் அடியை முன்னே, ஷெனில் முடிந்த இடத்தில் கட்டுங்கள். பளபளப்பான பக்கம் காதைப் பார்க்கட்டும், மங்கிய பக்கம் வாலைப் பார்க்கட்டும். அப்போதுதான் இழைகள் பின்னோக்கிச் சாயும்.

கிடுக்கியால் நுனியைப் பிடித்து, முன்னே இரண்டு சுற்றுகள் நெருக்கமாகப் போட்டு, பிறகு ஐந்தாறு அகன்ற சுற்றுகளில் வால் வரை போங்கள். கிடுக்கியைத் தொங்கவிடுங்கள். அதன் எடை இறகை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது செப்புக் கம்பியை எடுத்து, இறகின் நுனிமேல் ஒரு முழுச் சுற்றுப் போட்டுப் பூட்டுங்கள். தொடர்ந்து அகன்ற சுற்றுகளில் முன்னே வாருங்கள். இறகு பின்னோக்கி ஓடியது, கம்பி முன்னோக்கி ஓடுகிறது. இரண்டையும் நூல் சுற்றும் அதே திசையில் சுற்றினால் கம்பி ஒவ்வோர் இடத்திலும் ஈர்க்கைக் குறுக்கே வெட்டிப் பிடிக்கும். கம்பியை எதிர்த்திசையில் சுற்றச் சொல்வது நுனியில் கட்டும் முறைக்குப் பொருந்தும். இங்கே அப்படிச் செய்தால் கம்பி ஈர்க்குக்கு இணையாகவே ஓடி எதையும் பிடிக்காது.

சுற்றும்போது கம்பியை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே போங்கள். இழைகள் கம்பிக்கு அடியில் மாட்டாமல் விலகி நிற்கும். மாட்டியவற்றை ஊசியால் எடுத்துவிடலாம்.

முன்னே வந்ததும் கம்பியை நூலால் நன்றாகக் கட்டி, முன்னும் பின்னும் ஆட்டி ஒடியுங்கள். மிஞ்சிய இறகு நுனியை வாலருகே வெட்டுங்கள். வெட்டும் முன் வாலை ஒதுக்கிப் பிடியுங்கள், மாரபூவையும் சேர்த்து வெட்டிவிடுவது சகஜம்.

12. தலையும் முடிச்சும்

சுவரைத் தாண்ட இப்போதுதான் அனுமதி. இடது கை விரல்களால் இழைகளைப் பின்னே வாரிப் பிடித்துக்கொண்டு, நூலால் சிறிய கூம்பு வடிவத் தலை கட்டுங்கள். பெரிய தலை கட்ட ஆசை வரும். தேவையில்லை.

விப் ஃபினிஷர் எந்த வடிவத்தில் இருந்தாலும் செய்யும் வேலை ஒன்றே: நூலின் ஒரு பகுதியைத் தண்டோடு படுக்கவைத்து, அதன்மேல் நான்கைந்து சுற்றுகள் ஏற்றி, பிறகு உள்ளே இழுத்து மறைக்கிறது. இது புரியாமல் கையசைவை மட்டும் மனப்பாடம் செய்வதால்தான் பலருக்கு வருவதில்லை. தடித்த கயிற்றை ஒரு பென்சிலில் கட்டி ஒருமுறை கையாலேயே செய்து பாருங்கள். பிறகு கருவி தானாக விளங்கும். அதுவரை இரண்டு மூன்று அரைமுடிச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கிச் சமாளிக்கலாம்.

முடிச்சை இறுக்கியதும் நூலை வெட்டி, ஊசி நுனியால் நகப்பூச்சை ஒரு துளி தலையில் தடவுங்கள். காதுக்குள் ஒழுகினால் உலரும் முன்பே ஓர் இறகு ஈர்க்கை உள்ளே விட்டு எடுத்துவிடுங்கள். உலர்ந்த பிறகு, நீர்க்கரையில் குளிரில் நின்றுகொண்டு அதைக் குத்தி எடுப்பது எரிச்சலான வேலை.

13. நடுவே நூல் அறுந்தால்

அவிழ்க்காதீர்கள். அறுந்த நுனியை உடனே கிடுக்கியால் கவ்வித் தொங்கவிடுங்கள். புதிய நூலை அதன்மேலேயே தொடங்கி, ஐந்தாறு சுற்றுகள் போட்டு, இரு நுனிகளையும் வெட்டிவிட்டுத் தொடருங்கள். முற்றிலும் கெட்டுப்போன ஈயானால் கூரிய கத்தியால் தண்டின் நீளத்துக்குக் கீறி எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். முள் மறுபடி பயன்படும்.

14. சோதனை

வாலைப் பிடித்து லேசாக இழுங்கள். உடலை விரலால் திருகிப் பாருங்கள். உடல் தண்டில் சுழன்றால் நூல் தளம் போதவில்லை, அல்லது இழுப்புக் குறைவு. பிறகு நரம்பில் கட்டி ஒரு வாளித் தண்ணீரில் விட்டு விட்டு இழுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினால் வால் தண்டின் மேலே இல்லாமல் பக்கவாட்டில் கட்டப்பட்டிருக்கும். இழுத்தால் வால் அடங்க வேண்டும், நிறுத்தினால் விரிய வேண்டும். அடங்கியபடியே இருந்தால் மாரபூ போதவில்லை.

15. அடுத்த ஐந்து ஈக்கள், பிறகு அடுத்த வடிவம்

நிறத்தை மாற்றாமல், அளவை மாற்றாமல், இதே ஈயை இன்னும் ஐந்து முறை கட்டுங்கள். ஐந்துக்கும் வேண்டிய மாரபூ, ஷெனில், கம்பி, இறகு எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வரிசையாக வையுங்கள். முடித்ததும் ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வால் நீளம் எங்கே மாறுகிறது, தலை எங்கே தடிக்கிறது என்பது தனி ஈயில் தெரியாது, வரிசையில் உடனே தெரியும்.

ஆறும் ஏறக்குறைய ஒன்றுபோல வந்த பிறகு 14-ஆம் எண் முள்ளில் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபுக்குப் போங்கள். அங்கே வாலும் உடலும் ஒரே இறகின் இழைகளால் ஆனவை, கம்பி அவற்றைக் காக்கிறது. இங்கே பழகியது அப்படியே உதவும். அதன்பின் எல்க் ஹேர் கேடிஸ். அதில் இறகை முன்னிருந்து பின்னே சுற்றிக் கம்பியால் பூட்டும் இதே முறை வருகிறது, புதிதாகக் கற்க வேண்டியது முக்கியமாக முடியைக் கட்டுவது. கழுத்திறகு விறைத்து நிற்கும் மிதவை ஈக்களை அதற்குப் பிறகு தொடலாம்.

மிஞ்சிய இறகுகளை இறுக்கி மூடும் பைகளில் தனித்தனியாக வையுங்கள். புதிதாக வந்த இறகைச் சில நாட்கள் பழையவற்றோடு சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்து, பூச்சி ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே பெட்டியில் போடுங்கள். இறகு தின்னும் அந்துப்பூச்சி ஒரு பையில் புகுந்தால் மற்றப் பைகளுக்கும் பரவிவிடும்.